மொசைக் தரை, பவானி ஜமக்காளம், கட்டம் போட்ட விரிப்பு, பூப்போட்ட திரை: ஒரே ஹால்ல எப்படிச் சேர்க்கிறது?

கோபிக்காரி:

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம், 1980-கள்ல கட்டின வீடு. ஹால் 12க்கு 18 அடி. தரை பழைய மொசைக், வெளுத்த மஞ்சள் அடியில கறுப்பும் பச்சையும் கலந்த சில்லு. சுவர் வெள்ளை. பித்தளைச் சங்கிலியில தேக்கு ஊஞ்சல், மூணு பேர் உக்கார்ற பிரம்பு சோஃபா, ரெண்டு பிரம்பு நாற்காலி, ஒரு திவான். மேக்கால ரெண்டு ஜன்னல், கறுப்பு பெயின்ட் அடிச்ச கம்பி.

6க்கு 9 பவானி ஜமக்காளம் இருக்குது: சிவப்பு, பச்சை, கருநீலம், மஞ்சள் பட்டை. திவானுக்குச் சென்னிமலை கட்டம் போட்ட விரிப்பு, வெள்ளை அடியில சிவப்புக் கட்டம். திரைக்குப் பூப்போட்ட துணி பார்த்து வெச்சிருக்கறேன், இன்னும் வாங்கலை. தனித்தனியாப் பார்த்தா எல்லாமே நல்லா இருக்குது. ஜமக்காளத்தை விரிச்சு, திவான்ல விரிப்பைப் போட்டு, திரைத்துணி சாம்பிளைப் பிடிச்சுப் பார்த்தா கண்ணு கூசுது. எதை மாத்தணும்? மொசைக்கை எடுத்துட்டு டைல்ஸ் போடச் சொல்றாங்க, அதுல எனக்கு விருப்பமில்லை. அதோட ஒண்ணுக்கொண்ணு சாயம் ஏறாம, சுருங்காம இருக்க என்ன பண்ணணும்னும் சொல்லுங்க.

கரூர் துணிக்கணக்கு:

அக்கா, மொசைக்கை எடுக்காதீங்க. ஆனா அதையும் ஒரு டிசைனாக் கணக்குல சேர்த்துக்கோங்க. மூணு டிசைன்னு நீங்க நினைக்கிற ஹால்ல ஏற்கெனவே நாலு இருக்குது. 216 சதுர அடிக்குப் பரவிக் கிடக்கிற பொடிப்புள்ளி அது.

கண்ணு கூசறதுக்கு நிறத்தை விட அளவுதான் காரணமா இருக்கும். ஒரு டேப் எடுத்து மூணையும் அளந்து பாருங்க. ஜமக்காளப் பட்டை 3 அங்குலம், விரிப்புக் கட்டம் 3 அங்குலம், பூவும் 3 அங்குலம்னு வந்தா மூணும் ஒரே குரல்ல பேசுது, எதை முதல்ல பார்க்கிறதுன்னு கண்ணுக்குத் தெரியாது. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மூணு மடங்கு வித்தியாசமாவது இருக்கட்டும். பெருசு 9 முதல் 12 அங்குலம், நடுத்தரம் 3 அங்குலம், பொடி 1 அங்குலத்துக்குள்ள.

அளக்கிறதுல ஒரு நுணுக்கம் இருக்குது. கடையில "ரிப்பீட் 12 அங்குலம்"னு சொல்லுவாங்க. அது ஒரு பூ ஆரம்பிச்ச இடத்துலிருந்து அதே பூ திரும்ப வர்ற இடம் வரைக்கும். தையல் கணக்குக்கு அது வேணும். கண்ணுக்குப் படற அளவு வேற. நாலு நிறப் பட்டை, ஒவ்வொண்ணும் 3 அங்குலம்னா ரிப்பீட் 12 அங்குலம்தான், ஆனா 10 அடி தள்ளி நின்னா கண்ணுல அடிக்கிறது அந்த 3 அங்குலப் பட்டை. அதனால வெளுப்பும் அடர்த்தியும் மோதுற இடத்தை அளங்க.

அடுத்தது போன்ல ஒரு போட்டோ. எல்லாத்தையும் போட்டு வெச்சு, வாசப்படியில நின்னு எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாத்திப் பாருங்க. நிறம் போயிட்டா எது கருப்பு, எது வெளுப்புங்கிறது மட்டும் நிக்கும். உங்க சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாத் தெரிஞ்சா ஜமக்காளம் ஒரே அடர் பரப்பாத்தான் வேலை செய்யுது, அது நல்லது. வெள்ளை அடியில சிவப்புக் கட்டம் கறுப்பு வெள்ளையிலயும் பளிச்சுன்னு நிக்கும். உங்க ஹால்ல சத்தம் போடறது அதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

நிறத்துக்கு 60-30-10 கணக்கு எல்லாரும் சொல்லுவாங்க, அதாவது முக்கிய நிறம் 60 சதவீதம், துணை நிறம் 30, எடுப்புக்கு 10. உங்களுக்கு அந்த 60 சுவரும் தரையுமாவே முடிஞ்சு போச்சு. மீதியில ஜமக்காளத்திலிருந்து ஒரே ஒரு நிறத்தை எடுத்து மூணு உயரத்துல வரவைங்க: தரையில, உக்கார்ற இடத்துல, நின்னா கண்ணுக்கு நேர்ல. கருநீலம் எடுக்கலாம், மேக்கு வெயில்ல சிவப்பு இன்னும் சூடாத் தெரியும். மஞ்சளும் பச்சையும் ஜமக்காளத்தோட நிக்கட்டும், வேற எங்கேயும் வேண்டாம்.

திரைக்கு என் ஓட்டு வெறும் துணிக்கு. வெறும்னா மொழுமொழுன்னு வேண்டாம். ஸ்லப் நூல் (அங்கங்கே தடிச்சு வர்ற நூல்) ஓடின காட்டன், வாஃபிள் நெசவு (சின்னச் சின்னக் கட்டக்குழி விழற நெசவு), இந்த மாதிரி தொட்டா தெரியற துணி, 180 முதல் 220 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி அத்தனை கிராம் எடை. தரையைத் தொடற திரையில பொடிப் பூ மட்டும் போட்டுராதீங்க. கீழே மொசைக் சில்லும் அதே அளவுல இருக்கும், துணி எங்கே முடியுது தரை எங்கே ஆரம்பிக்குதுன்னே தெரியாது.

கரூர்ல எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கிடைக்கும், விலை கம்மி. ஆனா ஒரே லாட்டுல, அதாவது ஒரே தடவையில சாயம் போட்ட சரக்குல, தேவையான மொத்த மீட்டரும் இருக்குதான்னு கேட்டுட்டு வாங்குங்க. ரெண்டு லாட்டுன்னா நீலம் ரெண்டு விதமா வரும், பக்கத்துப் பக்கத்து ஜன்னல்ல அது தெரிஞ்சுரும். சாம்பிளைக் கடை வெளிச்சத்துல முடிவு பண்ணாதீங்க. கடைக் குழல்விளக்கு 6500 கெல்வின், நீல வெளிச்சம். வீட்டுல 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்ச விளக்குப் போட்டிருந்தா கருநீலம் கறுப்பாயிரும். சாயங்காலம் ஒரு தடவை, விளக்குப் போட்டு ஒரு தடவை பாருங்க.

சென்னிமலைத் தறி:

அளவுக் கணக்கை அவர் சொல்லிட்டாரு. துணி எப்படி நடந்துக்கும்னு நான் சொல்றேனுங்க.

முதல்ல ஜமக்காளம் எந்த நூல்னு பாருங்க. பவானியில ரெண்டும் நெய்யறாங்க: முரட்டுப் பருத்தி நூல்ல ஒண்ணு, செயற்கைப் பட்டு நூல்ல ஒண்ணு. ஓரத்துல ஒரு நூலை உருவி எரிச்சா ரெண்டும் காகிதம் எரியற வாசம்தான் வரும், அதுல வித்தியாசம் தெரியாது. கையில தடவுங்க. பளபளன்னு வழுக்குச்சுன்னா செயற்கைப் பட்டு, அதாவது விஸ்கோஸ். விஸ்கோஸ் நனைஞ்சா 30 முதல் 50 சதவீதம் பலம் இறங்கிரும். ஈரத்தோட பிரஷ் போட்டுத் தேய்ச்சாலோ, முறுக்கிப் பிழிஞ்சாலோ நூல் போயிரும். பருத்திக்கு இது தலைகீழ், ஈரத்துல பலம் கூடும். அதனால நடக்கிற இடத்துக்குப் பருத்தி, பளபளப்பானது திவான் முன்னால, கால் படாத இடத்துக்கு.

தோற்றத்துக்கும் இது முக்கியமுங்க. பாலிஷ் போட்ட மொசைக், பித்தளை, விஸ்கோஸ் மூணும் மினுக்கறது. முரட்டுப் பருத்தி, பிரம்பு, கோரை வெளிச்சத்தை உறிஞ்சறது. ஒரு மினுக்கத்துக்குப் பக்கத்துல ஒரு மங்கல் இருந்தாத்தான் ரெண்டும் எடுப்பாத் தெரியும்.

சாயம் விடுமான்னு பார்க்க: வெள்ளைக் காடாத் துணியை நனைச்சுப் பிழிஞ்சு, ஜமக்காளத்துச் சிவப்பு மேல அழுத்தி இருபது தடவை தேயுங்க. கருநீலத்துலயும் தனியாப் பண்ணுங்க. லேசா ரோஸ் ஏறுச்சுன்னா மேலாகத் தங்கின சாயம், ரெண்டு மூணு அலசுல போயிரும். காடா சிவந்தே போச்சுன்னா அந்த ஜமக்காளத்து மேல வெளுத்த மெத்தையோ வெள்ளை விரிப்போ படவே கூடாது, தண்ணி சிந்தின அன்னைக்கு ஏறிக்கும்.

உப்புத் தண்ணியில ஊறவெச்சா சாயம் நிக்கும்னு சொல்றதை நம்பாதீங்க. சாயப்பட்டறையில உப்புப் போடறது சாயத்தைத் தண்ணியிலிருந்து நூலுக்குத் தள்ளறதுக்கு. பருத்திக்குப் போடற ரியாக்டிவ் சாயத்தை நூலோட பிணைக்கறது சோடாவும் சூடும். நெய்து வந்த துணியில வீட்டு உப்பு ஒண்ணும் பண்ணாது. வினிகர் வேலை செய்யறது கம்பளி, பட்டுக்குப் போடற ஆசிட் சாயத்துலதான், பருத்திக்கு இல்லை. உங்க கட்ட விரிப்பை ஊறவே விடாதீங்க. சிவப்பு கரைஞ்சு அதே தொட்டித் தண்ணியில வெள்ளை மேல ஏறும். நிறையத் தண்ணியில சட்டுனு அலசி, சொட்டு வடிய விரிச்சு நிழல்ல போடுங்க. மடிச்சுக் கொடியில போட்டா மடிப்புல சாயம் இறங்கும். முதல் ரெண்டு அலசுக்கு ஆத்துத் தண்ணி கிடைச்சா அதுலயே பண்ணுங்க. போர் தண்ணி உப்புத் தண்ணியா இருந்தா சோப்போட சேர்ந்து அழுக்குப் படிஞ்சு, கருநீலம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிரும், துணியும் முறுகிக்கும்.

சுருக்கம்: கைத்தறிப் பருத்திக்கு முதல் அலசுல 5 சதவீதம் வெச்சுக்கோங்க. 60க்கு 90 அங்குல விரிப்பு 57க்கு 85½ ஆயிரும். உங்க திவான் மெத்தை 36க்கு 75, கனம் 5 அங்குலம்னா, ரெண்டு பக்கமும் இறங்க 46, ஆறாறு அங்குலம் சொருக 58. அலசினதுக்கப்புறம் சொருகல் அஞ்சரைதான் நிக்கும், அது போதும். நீளத்துல 75 + 10 = 85, சொருக ஒண்ணும் மிஞ்சாது. நீளவாக்குல தொங்க விட்டுரணும், இல்லைன்னா 100 அங்குல விரிப்பாக் கேட்டு வாங்கணும்.

இன்னும் ஜமக்காளம் வாங்கறதுன்னா கைத்தறி முத்திரை பார்த்து வாங்குங்க, 2006-லிருந்து இருக்குது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்குது. 1985-ம் வருசத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்துல ஜமக்காளமும் கைத்தறிக்குன்னே ஒதுக்கின பொருள். அப்படியும் விசைத்தறிச் சரக்கு அதே பேர்ல விக்கறாங்க, விலை கம்மியா இருக்கும். பட்டை அதே மாதிரி தெரிஞ்சாலும் கனமும் அடர்த்தியும் இருக்காது, தரையில சுருண்டுக்கும்.

ஈரோடு திரைத்தையல்:

கரூர்க்காரர் சொன்னதுல ஒண்ணுல மட்டும் மாறுபடறேன். திரையும் வெறும் துணி, சுவரும் வெள்ளைன்னா அந்த மேக்குச் சுவர் செத்துப் போயிரும். பூ வேணும்னா போடலாமுங்க, பெரும் பூவாப் போடுங்க. 12 அங்குல ரிப்பீட், வெளுத்த அடி, ஜமக்காளத்துக் கருநீலம் பூவுல கொஞ்சமா வந்தாப் போதும். ஜமக்காளப் பட்டை நேர்கோடு, பூ வளைவு. நேரும் வளைவும் சண்டை போடாது. பட்டைத் துணியைத் திரைக்குப் போட்டாத்தான் ஜமக்காளத்தோட மோதும்.

ஒரு ஜன்னலுக்குக் கணக்கு. ஜன்னல் 5 அடி அகலம், ராடு ரெண்டு பக்கமும் ஆறாறு அங்குலம் தாண்டி 72 அங்குலம். சுருக்கு விழ ரெண்டு மடங்கு, 144. துணி அகலம் 48ன்னா மூணு பன்னா, அதாவது முழு அகலத் துண்டு மூணு. உயரம் ராடிலிருந்து தரை வரை 84, மேல் தலைப்புக்கு 6, கீழ் மடிப்புக்கு 6, ஆக 96. சுருக்கம் 5 சதவீதம் சேர்த்தா 101. பூ 12 அங்குலத்துக்கு ஒரு தடவை வர்றதால, அடுத்த முழு ரிப்பீட் 108. மூணு பன்னாவுக்கு 324 அங்குலம், 8.25 மீட்டர். வெறும் துணின்னா 303 அங்குலம், 7.7 மீட்டர்ல முடிஞ்சுரும். இந்த அரை மீட்டரை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இணைப்புல பூ பாதி மேலயும் பாதி கீழயுமா நிக்குது.

மூணு பன்னாவை ரெண்டு திரையாப் பிரிக்கும்போது ஒண்ணை நடுவுல வெட்டி அரையரை வரும். அந்த அரையைச் சுவர்ப் பக்கம் வெச்சுத் தைக்கச் சொல்லுங்க. நடுவுல வந்தா திரையை மூடினதும் இணைப்பு கண்ணுக்கு நேரா நிக்கும்.

மேக்கு வெயிலுக்குப் பின்னால காடா லைனிங் கட்டாயம். லைனிங்கையும் மேல்துணியையும் ரெண்டையும் அலசிட்டுத் தைக்கணும். காடா தனியாச் சுருங்குச்சுன்னா திரை முன்னால பொம்மிக்கும், அலசாத மேல்துணி சுருங்குச்சுன்னா லைனிங் கீழே எட்டிப் பார்க்கும். லைனிங்கை அடியில ஒண்ணாத் தைக்காம, ஒரு அங்குலம் குட்டையாத் தனியாத் தொங்க விட்டா இந்தத் தொல்லை பாதி குறையும்.

ஆனி, ஆடிக் காத்தையும் கணக்குல வெச்சுக்கோங்க. பொள்ளாச்சி, உடுமலை அளவுக்கு உங்க பக்கம் இல்லாட்டியும் மேக்கு ஜன்னல்னா திரை பறக்கும். கீழ் மடிப்பை 4 அங்குலமா ரெட்டை மடிப்பு மடிச்சு, ரெண்டு மூலையிலயும் இணைப்பு அடியிலயும் எடைச்சங்கிலியோ ஈயத்துண்டோ வைக்கச் சொல்லுங்க. ரெட்டை மடிப்புன்னா மேலே சொன்ன 6 அங்குலம் 8 ஆகும், வெட்டும் நீளம் 103. பூத்துணியில 108க்குள்ள அடங்கிரும், வெறும் துணியில 309 அங்குலம் வாங்கிக்கோங்க. ஈயத்தை அலசறதுக்கு முன்னாடி எடுக்கற மாதிரி சின்னப் பை வெச்சுத் தைக்கணும். வெல்வெட் மாதிரி ரோமம் நிக்கற துணி அந்த ஜன்னலுக்கு வேண்டாம், புழுதி புடிச்சா உதறினாலும் போகாது.

ராடு நிறத்துக்கு ஒரு வார்த்தை: ஜன்னல் கம்பி கறுப்பு, ஊஞ்சல் சங்கிலி பித்தளை. ராடு இந்த ரெண்டுல ஒண்ணா இருக்கட்டும். மூணாவதா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொண்டு வராதீங்க, அது ஆஸ்பத்திரித் திரை மாதிரி ஆயிரும்.

பல்லடம் தரைவேலை:

மொசைக் மங்கியிருந்தா துணி வாங்கறதுக்கு முன்னாடி பாலிஷ் போட்டுருங்க. மங்கின தரைக்கும் பாலிஷ் போட்ட தரைக்கும் நிறமே வேற, சில்லு கறுப்பு அப்பத்தான் வெளியே வரும். மங்கின தரையை வெச்சுத் துணி நிறம் பிடிச்சா, பாலிஷ் முடிஞ்சதும் ஒத்துப்போகாது. கல் போட்டுத் தேய்க்கும்போது குழம்புத் தண்ணி சுவர்ல 6 அங்குலம் தெறிக்கும், அதனால பெயின்ட் கடைசியில. முதல்ல நல்லாத் தேய்ச்சு, விரிசல், ஓட்டையெல்லாம் அதே நிறச் சிமென்ட் பூசி ஆறவிட்டு, மறுபடி நைஸ் கல், கடைசியா ஆக்சாலிக் பவுடர். பாத்ரூம் கழுவற ஆசிட்டைத் தரையில ஊத்தாதீங்க. சிமென்டையும் மார்பிள் சில்லையும் அரிச்சு, பளபளப்பு நிரந்தரமாப் போயிரும். எலுமிச்சை, புளித்தண்ணி சிந்தினாலும் உடனே துடைக்கணும்.

ஜமக்காளம் வழுக்காம இருக்க அடியில ரப்பர் வலை போடுவாங்க. மட்டமான ரப்பரும் பிவிசியும் நாளாக நாளாகத் தரையில மஞ்சள் கறை ஏத்தும், மொசைக் உறிஞ்சற தரை, மறுபடி தேய்ச்சாத்தான் போகும். கம்பளி ஃபெல்ட் போடுங்க, ஜமக்காளத்தை விடச் சுத்தி 2 அங்குலம் குறைச்சு வெட்டுங்க. பிரம்பு சோஃபாவோட முன்கால் ரெண்டும் ஜமக்காளத்து மேல 8 அங்குலம் உள்ளே இருந்தா அது தானே நகராது. பொள்ளாச்சித் தென்னை நார் மிதியடியை வாசப்படிக்கு வெளியே வைங்க. உள்ளே வெச்சா நார் உதிர்ந்து, மண்ணோட சேர்ந்து பாலிஷைக் கீறும்.

கோபிக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அளந்துட்டேன். ஜமக்காளப் பட்டை 4 அங்குலம், விரிப்புக் கட்டம் 3 அங்குலம். போட்டோவுலயும் கட்டம்தான் பளிச்சுன்னு தெரியுது. விரிப்பைத் தூக்கிப் போட மனசில்லை. வெட்டி மெத்தையுறையாத் தைக்கலாமா? இன்னொண்ணு, வடக்குச் சுவர் காலியா இருக்குது, அங்கே கோரைப்பாய் மாட்டலாமா?

சென்னிமலைத் தறி:

வெட்டலாம். சோஃபாவுக்கு 16 அங்குலச் சதுர உறை நாலு. அந்த அளவுக்குள்ள 3 அங்குலக் கட்டம் அஞ்சுதான் வரும், பரப்பு சின்னதானா சத்தமும் அடங்கிரும். நேரா வெட்டாம மூலைவாட்டமா வெட்டினா கட்டம் வைரமா மாறும், ஜமக்காளப் பட்டையோட நேர்கோட்டுச் சண்டையும் போயிரும். ஆனா மூலைவாட்டம் இழுபடும். அலசித் தேய்ச்ச விரிப்புல வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால காடா வெச்சு ஓரம் தைச்சுட்டுத்தான் உறையாச் சேர்க்கணும். கைத்தறி விரிப்பு நெருக்கமா நெய்த மெத்தைத் துணி இல்லை, உக்கார்ந்து சாயச் சாய தையல்கிட்ட நூல் விலகி வாய் பிளக்கும். தையல் ஓரம் ஒரு அங்குலம் விடச் சொல்லுங்க, ஓவர்லாக் அடிக்கச் சொல்லுங்க. உள்ளே 18 அங்குல மெத்தை, அப்பத்தான் மூலை நிமிர்ந்து நிக்கும். பின்பக்கம் வெறும் கருநீலம் போட்டா திருப்பியும் வெச்சுக்கலாம். 60க்கு 90ல நாலு உறை போக நிறையவே மிஞ்சும், அதை ஊஞ்சல் பலகைக்கு ஓரம் மட்டும் கொடுங்க. திவானுக்கு வெறும் கருநீலம் இல்லைன்னா கால் அங்குலத்துக்கும் குறைஞ்ச பொடிக்கட்டம். நிறங்கள் கிட்டக்கிட்ட இருந்தா 12 அடி தள்ளி அது ஒரே நிறமாத்தான் தெரியும்.

கரூர் துணிக்கணக்கு:

கோரைப்பாய் மாட்டலாமுங்க, அந்த வெள்ளைச் சுவருக்கு அதுதான் சரி. சாயம் போட்ட கோரை வேண்டாம், வெறும் கோரை நிறமே போதும், தரையில இருக்கிற டிசைனுக்கு அது எதிர்ப்பேச்சுப் பேசாது. சுவரோட ஒட்ட ஆணி அடிக்காதீங்க. அரை அங்குல ரீப்பர் (மரச்சட்டம்) மூணு, மேல, நடுவுல, கீழ, சுவர்ல அடிச்சு அதுமேல பாயைக் கட்டுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில சுவர் ஈரம் பாய்க்கு ஏறாது, பின்னால காத்து ஓடும், பூஞ்சை பிடிக்காது. கீழ் ரீப்பர் தரையிலிருந்து 2 அடி மேல இருக்கட்டும், கரையான் ஏறினா கண்ணுக்குத் தெரியும்.

அந்தப் பாயோட நெசவு தெரியணும்னா நடு உத்தரத்து விளக்கு உதவாது, நேரா விழற வெளிச்சம் எல்லாத்தையும் தட்டையாக்கிரும். பாய்க்கு மேல, சுவரிலிருந்து 6 முதல் 8 அங்குலம் தள்ளிக் கீழ்நோக்கி ஒரு விளக்கு, 3000 கெல்வின். வெளிச்சம் பக்கவாட்டுல வழிஞ்சு இறங்கும்போது ஒவ்வொரு கோரையும் தனித்தனியா நிழல் விழுந்து தெரியும். வயர் இழுக்கணும்னா ரீப்பர் அடிக்கறதுக்கு முன்னாடியே இழுத்துருங்க. தரை பாலிஷும் பெயின்டும் முடிஞ்சதுக்கப்புறம் பாய் ஏறட்டும்.